முதலில் டெஸ்ட் பென்னைப் பார்

2000ஆம் ஆண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்க இன்னும் ஓராண்டு இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கிரேன் சத்தமும் தூசியும்தான். எனக்கு இருபது வயது. கீழே இருந்த போர்டிலிருந்து நான் வேலை செய்யவிருந்த சர்க்கியூட்டின் ஃபியூஸை நானே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்திருந்தேன். ஃபியூஸ் பையில் இருக்கும்வரை யாரும் தெரியாமல் கரண்டைப் போட்டுவிட முடியாது. அது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது.

கூரைக்குக் கீழே ஒரு கறுப்பு வயர் இணைப்பைப் பிளையரால் பிரித்தேன். டெஸ்ட் பென்னை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. கையை நீட்டும்போது என்னோடு வந்திருந்த மூத்த வயர்மேன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். ஒன்றும் பேசாமல் என் பென்னை வாங்கிக்கொண்டுபோய், அடுத்த சர்க்கியூட்டில் கரண்டு இருந்த ஒரு பிளக் பாயிண்டில் செருகினார். அங்கேயும் எரியவில்லை. உள்ளே இருந்த சின்ன நியான் விளக்கு செத்துப்போயிருந்தது. பிறகு தன் பென்னை எடுத்து நான் பிரித்துவைத்த கறுப்பு வயரில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

பக்கத்து அறை விளக்குக்குத் தனியாக நியூட்ரல் இழுக்காமல், எவரோ ஒருவர் எந்தக் காலத்திலோ இந்தச் சர்க்கியூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருக்கிறார். பழைய கடைவீடுகளில் இது சாதாரணம். நான் இணைப்பைப் பிரித்த அந்த நொடியில் பக்கத்து அறை விளக்கு அணைந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்திருக்கிறார்.

"முதல்ல கரண்டு இருக்கற எடத்துல பென்ன வச்சுப் பாரு. அப்புறம் வேல செய்யற வயர்ல. அப்புறம் மறுபடியும் கரண்டு இருக்கற எடத்துல."

"மறுபடி எதுக்குண்ணே?"

"நடுவுல செத்துப்போச்சுன்னா?"

அவ்வளவுதான் சொன்னார். இன்றுவரை ஒரு வயரைக்கூட மூன்று முறை பார்க்காமல் நான் தொட்டதில்லை. ஆனால் அந்த மூன்றாவது சோதனை வயருக்கு வெளியேயும் எனக்குத் தேவைப்படும் என்று தெரிய இருபத்தோரு ஆண்டுகள் ஆயின. நாற்பத்தொரு வயதில் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக எலக்ட்ரிக்கல் குத்தகை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு இருந்த பயத்தைப் பற்றி வெளியே இருப்பவர்கள் நினைப்பது வேறு. வேலை கிடைக்குமா, பணம் வருமா என்பதுதான் பயம் என்று நினைப்பார்கள். அதுவும் இருந்தது. அதைவிடப் பெரியது கையெழுத்து. நம் நாட்டில் 1990ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டமும் அதன் கீழ் 1994இல் வந்த விதிமுறைகளும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. எரிசக்தி ஆணையத்தில் பதிவு செய்த குத்தகையாளர்தான் வேலை எடுக்க வேண்டும். ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர்தான் வேலையை மேற்பார்த்து ஜி பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சோதனை செய்ய அனுமதி பெற்றவர்தான் எச் பாரத்தில் போட வேண்டும். அந்த இரண்டு தாளும் இருந்தால்தான் தெனாகா நேஷனல் கரண்டு கொடுக்கும். தாளில் பெயர் இருப்பவர் அந்த வீட்டுக்குப் பொறுப்பு.

சம்பளத்துக்கு வேலை செய்த காலத்தில் நான் இழுத்த வயருக்கு வேறொருவர் பெயர் இருந்தது. நான் ஒழுங்காகத்தான் செய்தேன். இரவில் படுத்தால் தூக்கம் வந்துவிடும். சொந்தமாகத் தொடங்கினால் ஒவ்வொரு வீட்டின் குளியலறையும் என்னோடு படுக்க வரும். வாட்டர் ஹீட்டருக்கு, கரண்டு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்சிடி, பிளக் பாயிண்டுகளுக்கு 30, வீடு முழுவதற்கும் 100 என்று விதி இருப்பது ஏன் என்று தெரிந்தவனுக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒரு குழந்தைக்கும் கரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த 10தான். அதைப் போட்டேன், சோதித்தேன் என்று சொல்லும் பெயர் என் பெயராக இருக்கப் போகிறது. இந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒருபோதும் நான் நினைத்ததில்லை. இது இல்லாத ஆளிடம் என் வீட்டு வயரிங்கைக் கொடுக்க மாட்டேன்.

மற்ற பயங்கள்தான் என்னைக் குழப்பின. அவற்றில் பாதி என்னுடையவையே அல்ல என்று மெதுவாகத்தான் புரிந்தது.

அப்பா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். "மாசச் சம்பளத்த மட்டும் விட்டுறாதடா" என்பது அவர் எங்களுக்குச் சொன்ன வேதம். நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கோழை என்று அவரை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தோட்டத்திலேயே மலைப்பாம்பைக் கையால் பிடித்தவர். பிறகு யோசித்துப் பார்த்தேன். தோட்டத்தில் லயத்து வீடு யாருடையது? நிர்வாகத்துடையது. வேலை போனால் அந்த மாதமே கூரையும் போகும். பிள்ளைகள் பள்ளிக்கூடம், அம்மா வளர்த்த கோழி, பக்கத்துவீட்டு உறவு எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. எங்கள் தோட்டமே வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது நடந்ததும் அதுதான். அப்பாவுக்கு அப்புறம் போர்ட் கிள்ளானில் ஜாகா, அதாவது காவல் வேலை. வாடகை வீடு மாறி மாறி வளர்ந்தோம்.

தோட்டம் மட்டும் அல்ல. பிரிக்பீல்ட்ஸும் அப்படித்தான் எழுந்தது. ரயில்வேயில் வேலை செய்தவர்களுக்காகவும் அரசாங்க ஊழியர்களுக்காகவும் வரிசை வரிசையாகக் கட்டிய குவார்ட்டர்ஸ் வீடுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி, நூறு குவார்ட்டர்ஸ் என்றே பெயர் பெற்ற அந்த வரிசைகள் எல்லாம் இப்போது இல்லை. கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்தவர், தண்டவாளத்தில் உழைத்த தமிழர் இருவருக்கும் கூரை வேலையோடு ஒட்டியே இருந்தது. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைக்க வேண்டும். மூன்று நான்கு தலைமுறை இப்படி வாழ்ந்த ஒரு சமூகம், வேலையை விடுவது என்றாலே வீட்டை விடுவது என்று உடம்பில் எழுதி வைத்துக்கொள்ளாமல் எப்படி இருக்கும்? நம்மவர்களுக்குத் துணிச்சல் இல்லை, வியாபார புத்தி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் பயந்தது சரி. அவர்களுடைய மீட்டர் சரியாகத்தான் காட்டியது. காட்டியது அந்தச் சர்க்கியூட்டின் அளவை. நான் நின்றுகொண்டிருந்தது வேறு சர்க்கியூட்டில். கிள்ளானில் என் பெயரில் ஒரு சின்ன வீடு. பாதிக் கடன் கட்டியாகிவிட்டது. நான் வேலையை விட்டால் யாரும் சாவியைக் கேட்டு வரப்போவதில்லை.

அப்பாவிடம் இதை விவாதமாகச் சொல்லவில்லை. வீட்டுக் கடன் புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

அப்பாவின் விஷயத்தில் கற்றதை மற்றவர்களிடமும் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். இருபத்தெட்டு ஆண்டு அரசாங்க வேலையில் இருந்த மாமா, "வேணாம்" என்றார். அரசாங்கச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தவிர வேறு வருமானத்தை அவர் கண்டதில்லை. எந்த வயரில் வைத்தாலும் அவர் பென் எரியும். காப்புறுதி விற்கும் நண்பன், "துணிஞ்சு எறங்கு, பயம்தான் எதிரி" என்றான். யார் எதைச் சொன்னாலும் அவன் அதையே சொல்வான். அவன் பென் எங்கேயும் எரியாது. இருவரும் என் மேல் அன்புள்ளவர்கள். ஆனால் விடை எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில் ஒருவரை முதலில் கேட்டுப் பார்க்காமல், விடை தெரியாத விஷயத்தில் அவர் சொல்வதை எப்படி நம்புவது? மேரு பக்கம் ஏர்கோன் வேலை செய்யும் ஓர் அண்ணனிடம், நான் முன்பு செய்த ஒரு தொழிற்சாலை வேலையின் விவரத்தைச் சொல்லி எவ்வளவு கேட்பீர்கள் என்று கேட்டேன். உண்மையான தொகைக்கு மிக நெருக்கமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் கேள்வியை அவர் முன் வைத்தேன். "செய்யலாம். ஆனா மொத வருஷம் உன் கைக்காசுலதான் மத்தவங்க வேல நடக்கும், அதுக்கு இருக்கா?" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு நூறு சொற்பொழிவுக்குச் சமம்.

சொற்பொழிவுகளில் தவறாமல் வரும் ஒரு பெயர் தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலைக் கோயிலையும் நிறுவியவர். 1894இல் அவரும் சீனத் தொழிலதிபர் லோக் இயூவும் சேர்ந்து ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். மலாயாவில் மின்சாரத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கே அடுத்த ஆண்டுதான் மின்சாரம் வந்தது. இந்த நாட்டில் என் தொழிலின் முதல் வரியில் ஒரு தமிழர் பெயர் இருப்பது எனக்குப் பெருமை. ஆனால் அவரைக் காட்டி "நீயும் துணி" என்று சொல்வது நியாயம் இல்லை. இயந்திரம் ஓடாமல் போயிருந்தாலும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். அவரிடம் நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. அவர்கள் மின்சாரத்தைப் புதுமை என்பதற்காகக் கொண்டுவரவில்லை. சுரங்கத்தில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. அதை இறைக்க வேண்டும். கண் முன்னால் இருந்த தண்ணீருக்காகத்தான் அந்தப் பம்பு. எனக்கும் அப்படி ஒன்று கண் முன்னால் இருந்தது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய வீடுகளில் வயர் உறை மொறுமொறுவென்று உடைந்துகொண்டிருந்தது. ஒரு ஃபேனும் நான்கு விளக்குமாக இருந்த வீட்டில் இப்போது மூன்று ஏர்கோன். பெரிய கம்பெனிகள் அந்தச் சின்ன வேலைகளுக்கு வருவதில்லை.

வீட்டில் மனைவி ஒரு கிளினிக்கில் உதவியாளர். நான் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்ததை ஒரு மாதம் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "பயமா இருக்கா இல்லையான்னு என்கிட்ட கேக்காதீங்க. எத்தன மாசம் தாங்கும்னு சொல்லுங்க."

எழுதினோம். மாதச் செலவு 3,200 வெள்ளி. அவள் சம்பளம் 1,800. குறைவது 1,400. பழைய வேனும் கருவிகளும் வாங்கியது போகச் சேமிப்பில் 14,000 இருந்தது. பத்து மாதம். என் 4,000 வெள்ளிச் சம்பளத்தின் மேல் முதலாளி போட்டுவந்த 13 விழுக்காட்டு இ.பி.எஃப். சேமநிதி, அதாவது மாதம் 520 வெள்ளி, இனி வராது என்பதையும் எழுதினோம். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுத எழுத ஒன்றைக் கவனித்தேன். சில பயங்கள் எண்ணாக மாறின. வேலை கிடைக்காவிட்டால், வேன் கெட்டுப்போனால், கை ஒடிந்தால் என்பவை அந்த வகை. அவற்றின் எதிரே ஒரு தொகை நின்றது. தொகை நின்றதும் சத்தம் குறைந்தது. வேறு சில பயங்கள் எண்ணாக மாறவே மறுத்தன. 'தோற்றுப்போய்த் திரும்பினால் பழைய இடத்தில் என்ன சொல்வார்கள்?' என்பதன் எதிரே எந்தத் தொகையை எழுதுவது? அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டோம். இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

2021 நவம்பர் கடைசியில் வேலையை விட்டேன். எஸ்.எஸ்.எம். வணிகப் பதிவு ஆண்டுக்கு 60 வெள்ளிதான். கவுண்டரில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆணையத்தின் பதிவுக்குத்தான் தாள்கள் அதிகம். ஒரு பலகை எழுதும் கடையில் என் பெயரில் ஸ்டிக்கர் அடித்து வேனில் ஒட்டினேன்.

மூன்று வாரம் போனது. டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாள் பிடித்த மழை விடவில்லை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கீழ்த்தளத்தை மூழ்கடித்தது. மக்கள் கூரையில் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் இறங்கிய பிறகு நான் அங்கே போனேன்.

அந்த வீடுகளின் வாசனை இன்னும் நாசியில் இருக்கிறது. டிபி என்கிற மின்பலகையின் மூடியைத் திறந்தால் உள்ளே பிரேக்கர்களுக்கு நடுவில் சேறு, சேற்றுக்குள் ஒரு மண்புழு. பிளக் பாயிண்டுகளைக் கழற்றினால் பழுப்புத் தண்ணீர் வழியும். நனைந்த பிரேக்கரையும் ஆர்சிடியையும் வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டச் சொன்னவர்கள் பலர். பணம் இல்லை, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே சேறு புகுந்த ஆர்சிடி தேவையான நேரத்தில் விழாது. முடியாது என்று சொல்லிவிட்டு, உள்ள விலைக்கே புதியதை வாங்கிக் கொடுத்தேன். குழாய்க்குள் இருந்த வயர்களின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரால் சோதித்தால் 0.1 மெகாஓம் காட்டும். குறைந்தது 1 வேண்டும். முனைகளைத் திறந்துவிட்டுக் காயவிடுவோம். நான்கு நாள் கழித்து 0.6. ஒரு வாரத்தில் 3. பிறகு 20. ஒரு வீட்டுப் பாட்டி தினமும் என்னிடம் "இன்னைக்கு எவ்வளவுப்பா?" என்று கேட்பார். மெகாஓம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எண் ஏறினால் போதும் அவருக்கு.

அந்த மூன்று மாதத்தில் நாற்பது வீடுகளுக்குமேல் செய்தேன். கூலி வாங்காத வீடுகளும் உண்டு. என் தொழில் நிமிர்ந்து நின்றது அங்கே. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிலையாக இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எத்தனையோ ஆபத்துகளை எழுதிய எங்களுக்கு, ஊரே மூழ்கும், அதனால் நமக்கு வேலை வரும் என்று எழுதத் தோன்றவில்லை. நான் பயந்து காத்திருந்தவை வரவில்லை; வந்தது நான் நினைக்காதது, மற்றவர்கள் இழந்ததில் விளைந்தது. இதை என் முயற்சிக்குக் கிடைத்த பலன் என்று சொல்லிக்கொள்ள நா எழவில்லை.

ஆனால் அந்த வேலைகள் எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தன. அந்தத் தைரியம்தான் அடுத்த ஆண்டு என்னைக் கீழே தள்ளியது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மராமத்து வேலை. நடுவில் ஒரு குத்தகையாளர். அவருக்குக் கீழே நான். "எழுத்தெல்லாம் எதுக்கு, நாம ஒரே ஊர்க்காரங்க" என்றார். வயிற்றில் ஏதோ அசைந்தது. பழைய பயம், இன்னமும் கோழையாகவா இருப்பது என்று என்னை நானே அடக்கினேன். ஆறு வாரம் வேலை. 18,000 வெள்ளி இன்றுவரை வரவில்லை. முதலில் "மேலேர்ந்து வந்ததும் தர்றேன்", பிறகு பதில் இல்லை, பிறகு எண் மாறிவிட்டது. விசாரித்தபோதுதான் தெரிந்தது: கட்டுமான வேலைக்குப் பணம் வராமல் தவிக்கும் என் போன்றவர்களுக்காகவே 2012இல் சீப்பா என்று ஒரு சட்டம் இயற்றி, 2014 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேலே இருந்து வந்தால்தான் தருவேன் என்ற நிபந்தனையே அதன்படி செல்லாது. ஆனால் அந்தச் சட்டம் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை.

அந்தப் பணத்தைவிட என்னை உறுத்தியது, அன்றைக்கு என் பென் எரிந்தது என்பதுதான். சரியாக எரிந்தது. வெள்ளத்துக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் பயந்தேன். வெள்ளத்துக்குப் பின்னால் எதற்கும் பயப்படக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். நடுவில் அது செத்துப்போயிருக்குமா, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மறந்தேன். பயம் வந்தால் அதைத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கற்றிருந்தவன், தைரியத்தையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்காமல் போய்விட்டேன். இப்போது ஐநூறு வெள்ளி வேலைக்கும் ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இப்போது என்னிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மாதம் 25ஆம் தேதி நெருங்கினால் அவர்கள் சம்பளத்தை நினைத்து நெஞ்சு படபடக்கிறது; அது குறையவில்லை. அவர்களில் மூத்த பையனுக்கு முப்பது வயது. வயர்மேன் சான்றிதழ் எடுத்துவிட்டான், கை சுத்தம், வாடிக்கையாளரிடம் பேசத் தெரியும். போன வாரம் ஜாலான் தெங்கு கிளானாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் குவளையைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, நானும் சொந்தமா செய்யலாமான்னு யோசிக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவன் போனால் என் வேலையில் பாதி நின்றுவிடும். வாய் திறந்தால் "இன்னும் ரெண்டு வருஷம் இருடா, பழகு" என்றுதான் வரும். அதற்கு நல்ல காரணங்களும் என்னிடம் தயாராக இருந்தன. அந்தக் காரணங்களில் எது அவனுக்காக, எது எனக்காக என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அதையே அவனிடம் சொன்னேன். "தம்பி, இந்த விஷயத்துல என் பேச்ச அப்படியே எடுத்துக்காத. நீ போனா எனக்கு நஷ்டம். மேருவுல ஓர் அண்ணன் இருக்காரு, நம்பர் தர்றேன், அவரயும் கேளு. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிட்டு வா."

ஞாயிறு நாளை. மனைவி தோசைக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள். எங்கள் பழைய நோட்டுப் புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன், அந்தக் காலிப் பக்கத்தையும் அவன் பார்க்கட்டும் என்று.